சூறை விழும் காட்சி

என் ஓரகத்தி வரைகிற பறவைக்கு நாலு இறக்கை. எனக்கு வாய்த்த பிராணிக்கு ஆறு கால், அதுவும் குட்டைக் கால். யாருக்கு எப்படி எழுதியிருக்கிறது என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நாங்கள் இருவரும் ஒரே கார்ட்டூன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம், ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். நான் மூத்த மருமகள், கீழ்த்தளம். அவள் இளையவள், மாடி. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள், அதுவே கம்பெனியிலும் பரவிவிட்டது. அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான்தான். கொழுந்தனுக்குக் கல்யாணமான புதிதில், "நல்லா வரையறா, பாவம், வீட்ல சும்மா உக்காந்திருக்கா" என்று இயக்குநரிடம் போய் வாயைக் கொடுத்தேன். அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட அன்றைக்கு வீட்டில் ஒருவரும் இல்லை.

எங்களுடையது சண்டைத் தொடர். ஆளுக்கொரு பிராணியை வளர்த்துப் பழக்கி மைதானத்தில் மோத விடுவார்கள். கதாநாயகப் பையன் வளர்ப்பது புதையன். மண்ணைத் தோண்டி உள்ளே போய், எதிரியின் காலடியில் திடீரென்று முளைத்து முட்டுகிற பிராணி. அது என் பொறுப்பு. பையனுக்கு ஒரு போட்டியாளன் உண்டு. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத, உம்மென்று நிற்கிற ஒருத்தன். அவன் வளர்க்கிற பறவைதான் சூறை. நாயகனின் பிராணியை மூத்த கைக்குத்தானே கொடுப்பார்கள்? எனக்குக் கொடுத்தார்கள். எதிரியின் பறவை புதிதாக வந்தவளுக்குப் போயிற்று. "அது எப்பவாவது ஒரு காட்சியில வரப்போகுது, அவ பாத்துக்குவா" என்று அதற்கும் சிபாரிசு செய்தது நானேதான்.

எப்பவாவது வர வேண்டியது எல்லா வாரமும் வர ஆரம்பித்தது.

சூறை மற்றப் பறவைகளைப் போல இறக்கையை அடித்துக்கொண்டு பறக்காது. உயரே ஏறும். நாலு இறக்கையையும் ஒவ்வொன்றாக மடித்துக்கொள்ளும். பிறகு அப்படியே விழும். தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது நாலையும் விரித்து நிற்கும். அது யாரையும் தொடுவதில்லை, கூடவே இறங்கி வருகிற காற்றுதான் அடிக்கும். மரம், கம்பம், வேலி, என் புதையன் எல்லாம் வெள்ளத்தில் போகிற செருப்பு மாதிரி உருண்டு ஓடும்.

இதில் இன்னொரு கொடுமை. எங்கள் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிராணி தனியாக வருகிற காட்சியை அதற்குப் பொறுப்பானவர் வரைவார். இரண்டு பிராணிகள் மோதுகிற காட்சியை இரண்டு பேர் வரைந்தால் அடிக்கிற வேகமும் விழுகிற கனமும் ஒன்றோடொன்று ஒட்டாது. அதனால் அடிக்கிற பிராணி யாருடையதோ, அவரே அடிபடுகிற பிராணியையும் வரைய வேண்டும். தொடர் முழுக்க அடித்தது சூறை. ஆகவே தொடர் முழுக்க என் புதையன் குப்புற விழுந்ததும், பல்லிளித்துக்கொண்டு உருண்டதும், வாயில் மண்ணோடு எழுந்ததும் அவள் கையால். என் பிள்ளையை எதிர்வீட்டுக்காரி தினமும் கூப்பிட்டு வைத்துக் குட்டுவதை நான் எதிர் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் முடித்ததும் அவள் தலையைத் தூக்கி, "சரியா இருக்காக்கா?" என்று கேட்பாள். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சரி, கம்பெனியைத் தலைமுழுகிவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே மாமனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சூறை திரையில் வந்ததும் விரலை மடித்து நாக்குக்கடியில் வைத்து ஒரு விசில் அடிப்பார், தெருவில் போகிற வண்டி நின்றுவிடும். புதையன் வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்.

"பெரியவளே, உன் பன்னி வந்திருச்சு பாரு" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

"பன்னி இல்ல மாமா, புதையன்."

"ஏதோ ஒண்ணும்மா. பாவம், மண்ணுக்குள்ளயே கெடக்கு."

என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பார். "பொறாமைப்படாதே" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு சொல்லவில்லை, சொல்ல முடியாதபடி கவனித்துக்கொண்டேன். ஆனால் பொறாமைதான், வேறென்ன? கம்பெனி வாசலில் உட்கார்ந்திருக்கிற செக்யூரிட்டியின் செல்போனைத் தொட்டால் சூறை. எங்கள் தெருச் சுவரில் பிள்ளைகள் கரியால் கிறுக்குவது சூறை. நன்றாக வரையத் தெரியாதவள் மேல் பொறாமைப்பட்டால் ஊர் சிரிக்கும். நன்றாக வரைகிறவள் மேல்தானே படவேண்டும்?

தொடர் முடிவுக்கு வந்தது. இயக்குநர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரே ஒரு பிராணியை வைத்துப் பெரிய படம் எடுக்கப் போகிறார்களாம். புதையனா, சூறையா என்று முதலாளிகளால் முடிவுக்கு வர முடியவில்லையாம்.

"கடைசிச் சண்டைய நம்ம ஆளுங்க குடும்பத்தோட உக்காந்து பாக்கட்டும்" என்றார். "வெளிய வரும்போது ஜனங்க எதப் பத்திப் பேசுறாங்களோ, அதுதான் படம். அந்தப் பிராணிய வரையறவங்க கையிலதான் படமும்."

"கடைசிச் சண்டையில யாரு அடிக்கிறாங்க?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"புதையன்தான் மேடம். நாயகன் ஜெயிக்கணும்ல? சூறை விழுது. ரெண்டையும் நீங்கதான் வரையணும்."

எதிரில் சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அந்த அறையின் மின்விசிறிக் காற்றுகூட இனித்தது. இத்தனை காலம் என் பிள்ளையை உருட்டினாயே, இப்போது உன் பறவை என் பென்சிலுக்கு வந்திருக்கிறது. மண்ணைக் கவ்வ வைக்கிறேன், பார்.

மறுநாள் மத்தியானம் டீயைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். அவளாக எனக்கு டீ கொண்டுவருகிற வழக்கமில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"தோக்கட்டும்க்கா. கதை அதுதான். ஆனா எல்லாரும் சிரிக்கிற மாதிரி மட்டும் விழ வெச்சுடாதீங்க."

"என் புதையன் விழும்போது எல்லாரும் சிரிக்கலையா?"

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் மேஜைக்குப் போனாள். டீ நன்றாகத்தான் இருந்தது, குடித்தேன்.

சிரிக்கிற மாதிரித்தான் வரைந்தேன். கொடியிலிருந்து அறுந்த ஈரப் போர்வை போல இறக்கையெல்லாம் சுருட்டிக்கொண்டு, கால் மேலே தலை கீழே, கழுத்து ஒரு பக்கம். வரைந்து ஓடவிட்டுப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அசிங்கமாக இருந்தது என்பதுகூட இல்லை, அது சூறையாகவே இல்லை. யாரோ சூறையின் தோலைப் போர்த்திக்கொண்டு விழுகிறார்கள். கிழித்துப் போட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதே போர்வைதான் வந்து விழுந்தது.

எனக்கு மூக்குமேல் கோபம். ஒரு பறவையைக் கீழே போட எனக்குத் தெரியாதா? பழைய வாரங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புதிதாக ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. அவள் வரைந்தது அத்தனையையும் ஏற்கெனவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள்தான் நான், குற்றம் கண்டுபிடிக்க. ஒரு குற்றம் கண்டுபிடித்தும் வைத்திருந்தேன். தரைக்கு அருகில் சூறை நாலு இறக்கையையும் விரிக்கும்போது அதில் ஒன்று எப்போதும் கொஞ்சம் குறைவாகவே விரியும். ஒரு வாரம் இடது முன்னிறக்கை, ஒரு வாரம் வலது பின்னிறக்கை. கைக்கு நிதானம் போதவில்லை, சின்னப் பெண்தானே என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் ரகசியமாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இந்தத் தடவை படத்தை நிறுத்தியபோது பறவையை விட்டுவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். குறைவாக விரிகிற இறக்கைப் பக்கம் அந்த உம்மணாமூஞ்சி நின்றுகொண்டிருந்தான், அதை வளர்த்தவன். அடுத்த வாரத்தைப் பார்த்தேன். அதற்கடுத்ததைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். அவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ, அந்தப் பக்கத்து இறக்கை சுருங்கியே விரிகிறது. தன் காற்று அவன் மேல் படக்கூடாது என்று அந்தப் பறவை ஒவ்வொரு வாரமும் பார்த்துப் பார்த்து இறங்கியிருக்கிறது. இயக்குநர் சொல்லிக் கொடுத்ததில்லை, கதையில் எழுதியதில்லை. அவள் பாட்டுக்கு வரைந்துவிட்டு, யாரிடமும் பீற்றிக்கொள்ளாமல் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

பொறாமையில் எத்தனையோ வகை பார்த்திருக்கிறேன். இது புதிதாக இருந்தது. காய்ச்சல் போலக் கண்ணெல்லாம் எரிந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அது எப்படி விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு வேறு மாதிரி வரைய என் கை ஒத்துக்கொள்ளவில்லை.

புதையன் மண்ணுக்குள்ளிருந்து பாய்ந்து, சூறை இறங்கி வருகிற அந்த நொடியில் ஓர் இறக்கையின் அடியில் முட்டுகிறது. எலும்பு போய்விட்டது. இன்னும் மூன்று இருக்கின்றன. மூன்றையும் முழுசாக விரித்தால் போதும், உயிருக்குச் சேதமில்லாமல் இறங்கிவிடலாம். ஆனால் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அதை வளர்த்தவன் நிற்கிறான். விரித்தால் அந்தக் காற்று முழுக்க அவன் மேல். பறவை ஒரு தடவை அவனைப் பார்க்கிறது. பிறகு நன்றாக இருக்கிற மூன்று இறக்கைகளையும் ஒவ்வொன்றாகத் தானே மடித்துக்கொள்கிறது. அவனுக்குப் பக்கத்தில், அவன் தலையில் ஒரு முடிகூட அசையாமல், விழுகிறது.

அந்தக் காட்சி முடிகிற வரை நான் வேறு எதையும் நினைக்கவில்லை. இறகு இறகாக வரைந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தேன், சின்னவளிடம் காட்டவில்லை. இயக்குநர் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஓகே மேடம்" என்று எழுந்து போனார். புதையன் ஜெயித்தாயிற்று, என் வேலை முடிந்தது என்று இருந்தேன்.

காட்டுகிற நாளும் வந்தது. கம்பெனியின் பெரிய அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, எல்லார் வீட்டு ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். மாமனார் முன்வரிசையில், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சின்னவள். சூறை வந்ததும் விசில். பையன்கள் நாற்காலியைத் தட்டினார்கள். புதையன் பாய்ந்தது, முட்டியது. விசில் பாதியில் நின்றது.

மூன்றாவது இறக்கை மடியும்போது பின்வரிசையில் ஒரு குழந்தை "வேணாம்" என்றது. மாமனார் தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் பெருமையில் பூரித்துப் போய்த் திரையைப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன்.

விழுந்து கிடக்கிற பறவைக்குப் பின்னால் புதையன் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்றால் நின்றதுதான். எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. திரையில் சும்மா நிற்கிற உயிரும் சும்மா நிற்கக்கூடாது. மூச்சு ஏறி இறங்க வேண்டும், ஒரு தடவையாவது கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஒரே படத்தை அசையாமல் விட்டால் அது மரக்கட்டை. சின்னவளுக்கே இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சூறையின் ஒவ்வொரு இறகுக்கும் உயிர் கொடுத்த நான், என் புதையனுக்கு ஒரே ஒரு படம் போட்டு, காட்சி முடிகிறவரை அப்படியே நிறுத்திவிட்டேன். ஒரு மூச்சுகூடக் கொடுக்கவில்லை. இயக்குநரும் பறவையைத்தானே பார்த்திருப்பார். நான் முழுசாகக் கோட்டைவிட்டிருந்தேன். ஒரு பறவை தன்னை வளர்த்தவனுக்காக உயிரையே பணயம் வைத்து விழுகிறது, என் புதையன் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கல் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

விளக்கைப் போட்டார்கள். மாமனார் துண்டை இறக்கிவிட்டுச் சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னமா வரைஞ்சிருக்க! நெஞ்சப் புடிச்சு உலுக்கிட்ட."

"நான் இல்ல மாமா. அக்காதான் வரைஞ்சாங்க" என்றாள். அவள் கண்ணும் ஈரம்தான்.

மாமனார் என் பக்கம் திரும்பி, என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீயா? பெரியவளே, நீயா?" என் தலையில் கை வைத்தார். எத்தனை வருஷமாக நான் காத்திருந்த கை அது. பிறகு கேட்டார்: "அப்ப அந்தப் பன்னிய யாரு வரைஞ்சது? ஈவு இரக்கமே இல்லாம நிக்குதே, பாவி."

"அதுவும் நான்தான் மாமா."

வெளியே வரும்போது ஜனங்கள் பேசியது எதைப் பற்றி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொடியன் தன் அம்மாவிடம், "புதையன் கெட்டது, எனக்கு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினான்.

மறுவாரம் இயக்குநர் கூப்பிட்டார். பெரிய படம் சூறைக்குத்தான். விழுந்தது எப்படி எழுந்திருக்கிறது என்பதுதான் கதை.

"நீங்கதான் பண்ணணும் மேடம்" என்று என்னிடம் சொன்னார். "அந்தக் காட்சிய வரைஞ்ச கை வேற யாருக்கு இருக்கு?"

நான் சின்னவளைப் பார்த்தேன். அவள் முகம் கறுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கையை. அந்தப் பார்வையை நான் நன்றாக அறிவேன். அதைப் பார்த்ததும் ஒரு பெரிய மனுஷி, "இல்ல சார், அவளே பண்ணட்டும்" என்று சொல்லியிருப்பாள். நான் பெரிய மனுஷி இல்லை, பெரிய மருமகள்தான். "சரி சார்" என்றேன்.

"புதையன என்ன சார் பண்றது?" சின்னவள்தான் கேட்டாள்.

"அது இனிமே எதுக்கும்மா? விட்டுடலாம்."

"நான் எடுத்துக்கறேன் சார். சின்னச் சின்னத் துண்டுப் படமா ஏதாவது பண்ணிப் பாக்கறேன்."

இயக்குநர் தோளைக் குலுக்கினார். எனக்கு அவள் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஜெயித்தவர்களுக்கு வருகிற இரக்கம் அது. சுகமாகத்தான் இருந்தது.

அந்தச் சுகம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு காலையில் நான் உள்ளே நுழையும்போது சின்னவளின் மேஜையைச் சுற்றிக் கூட்டம். இயக்குநர், பின்னணி வரைகிற பெண், வாசலிலிருந்து செக்யூரிட்டிகூட வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரிக்கிறார்கள். கேலிச் சிரிப்பில்லை, குழந்தையைக் கொஞ்சுகிற சிரிப்பு.

நானும் போய்ப் பார்த்தேன். புதையன் தன் குழிக்குள் உட்கார்ந்து மண் தோண்டிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு பெரிய நிழல் கடந்து போகிறது. சூறை பறக்கிறது போலும். புதையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கென்ன வந்தது என்பது போல ரொம்ப மும்முரமாகத் தோண்டுகிறது. பிறகு மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, மூக்கை விடைத்து, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கடைக்கண்ணால் ஒரு பார்வை பார்க்கிறது. உடனே திரும்பி, இரண்டு மடங்கு வேகமாகத் தோண்டுகிறது.

"பாவம், எவ்வளவு ஆசையா பாக்குது பாருங்க" என்றார் செக்யூரிட்டி. "இது நம்ம புதையனா?"

"இன்னொரு தடவ போடும்மா" என்றார் இயக்குநர். "இதையும் படமா எடுத்துடலாம் போலிருக்கே."

மறுபடியும் மேலுதடு உள்ளே போயிற்று, மூக்கு விடைத்தது, கடைக்கண் மேலே ஏறியது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. கூட்டம் கலைகிறவரை அங்கேயே நின்றேன்.

"நல்லா இருக்காக்கா?" என்றாள்.

"யாரப் பாத்து வரைஞ்ச?"

சின்னவள் பென்சிலைக் கீழே வைத்தாள். மறைக்கவும் இல்லை, குத்திக் காட்டவும் இல்லை.

"உங்களத்தான்க்கா. இத்தன வருஷமா எதிர்லயே உக்காந்து பாத்திருக்கேனே."

வெட்கப்பட வேண்டிய இடம்தான், எனக்குத் தெரியும். ஆனால் வெட்கம் வரவில்லை. நான் சூறையின் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, என்னை அறியாமல் மேலுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தேன். என் முகத்தை என்னைவிட நன்றாக வரைந்துவிட்டாளே என்று வயிறு பற்றி எரிந்தது.